படியளக்கிறவர் யார்?

படி என்ற சொல்லுக்குப் பொருள் பல. வாசற்படி ஒன்று, கையெழுத்துப் படி ஒன்று, பிள்ளைகளைப் பார்த்துச் சொல்லும் ‘படி’ இன்னொன்று. அடுப்படியில் புழங்குவது முகந்து அளக்கும் படி. இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, இரண்டு உழக்கு ஒரு உரி, இரண்டு உரி ஒரு படி. அதற்கு மேலே மரக்கால், பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். வாய்பாடு இதுதான் என்றாலும் ஊருக்கு ஊர் அளவு மாறும். சென்னைப் பக்கம் எட்டுப் படி ஒரு மரக்கால். தஞ்சாவூரில் இருபத்து நாலு பட்டணம் படி ஒரு கலம், ஆக மரக்காலுக்கு இரண்டே படி.

பண்ணை வீட்டு அடுக்களையில் பூண் போட்ட பித்தளைப் படி இருக்கும். எங்க வீட்டில் ஆழாக்கும் ஒரு தகர டப்பாவும்தான். “எத்தனை ஆழாக்கு போடட்டும்?” என்றுதான் அம்மா கேக்கும். படி என்ற பேச்சு சேரிக்குள் வருவது கூலியோடுதான். “இன்னைக்கு எத்தனை படி அளந்தாங்க?” என்பது சாயங்காலம் தெருவில் எல்லார் வாயிலும் வரும் கேள்வி. நமக்குப் படி என்பது சமையல் அளவாக இருந்ததைவிடக் கூலியின் அளவாக இருந்ததே அதிகம்.

அளவு எப்போதும் அதிகாரத்தின் கையில்தான் இருந்திருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் நெல்லை அளந்த மரக்காலுக்கு ‘ஆடவல்லான்’ என்று சாமியின் பெயர். அது ‘ராஜகேசரி’ என்ற அரசனின் மரக்காலுக்குச் சமம் என்றும் எழுதியிருக்கிறார்கள். அதே கல்வெட்டுகளில் பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் வருகின்றன, வரி கழித்த நிலமாக. மரக்காலுக்குப் பெயர் இருக்கிறது. அந்தச் சேரிகளில் குடியிருந்தவர்களுக்கு இல்லை.

களத்தில் நெல் அளப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். முதல் மரக்காலை ‘ஒண்ணு’ என்று எண்ணமாட்டார்கள். ‘லாபம்’ என்பார்கள், பிறகு ‘ரெண்டு’. யாருக்கு லாபம் என்று கேட்க அந்தக் களத்தில் நமக்கு வாய் கிடையாது. பண்ணைக்கு வரும் நெல் கும்பமாகக் குவித்து அளக்கப்படும், கூலி நெல் தலைதட்டி அளக்கப்படும் என்று எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். கூலியில் கருக்காயும் பதரும் கலந்திருக்கும். வாங்குறதுக்கு ஒரு மரக்கால், குடுக்கிறதுக்கு ஒரு மரக்கால் என்ற பேச்சு சும்மா வந்ததல்ல.

இதைவிடப் பெரிய மோசடி மொழியில் நடந்தது. கடவுளையும் ‘படியளக்கிறவன்’ என்கிறோம், பண்ணையாரையும் ‘நமக்குப் படியளக்கிறவர்’ என்கிறோம். உழுது நட்டு அறுத்துக் களம் சேர்த்தவன் கையேந்தி நிற்கிறான், அளந்து போடுகிறவன் சாமியாகிவிடுகிறான். உழைத்ததற்கு வரவேண்டிய கூலி இந்த ஒரு சொல்லால் கருணையாக மாறிவிடுகிறது. இதே சொல் அரசு அலுவலகத்திலும் உண்டு: பஞ்சப்படி, பயணப்படி. பஞ்சப்படி உயர்வு கேட்டு ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தால் அது உரிமை. வயலில் நிற்பவன் அரைப்படி கூடக் கேட்டால் மட்டும் நன்றிகெட்ட செயலா?

கீழத்தஞ்சையில் அதுதான் நடந்தது. 1952இல் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சட்டம் வந்தும் மரக்கால் மிராசுதார் கையில்தான் இருந்தது. 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி லட்சியம் என்று பேசித் தி.மு.க. ஆட்சிக்கு வந்தது. அந்த ஆண்டே சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி கொடுத்தார்கள். நகரத்தில் படி ஓட்டாக மாறியது. மறு ஆண்டு, 1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். பெண்கள், குழந்தைகள், முதியவர்கள், எல்லாரும் நம் மக்கள். கீழ்க்கோர்ட்டில் தண்டனை பெற்ற மிராசுதார்களை 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் விடுவித்தது. கார் வைத்திருக்கும் பெரிய மனிதர்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்பது நம்பும்படி இல்லையாம்.

‘அரைப்படி நெல் கூடக் கேட்டதற்காக 44 உயிர்’ என்று மேடைகளில் சொல்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். அரைப்படி நெல்லைக் குத்தினால் ஏறத்தாழ ஒரு உழக்கு அரிசி தேறும். அந்த உழக்கு அரிசியால் எந்த மிராசுதாரும் ஏழையாகியிருக்க மாட்டார். தங்கள் சங்கத்தில் சேரச் சொன்னார்கள், நம்மவர்கள் மறுத்தார்கள். செங்கொடியை இறக்கச் சொன்னார்கள், இறக்கவில்லை. எவ்வளவு அளப்பது என்பதைச் சேரியும் பேசும் என்று நிமிர்ந்து சொன்னார்கள். அதைத்தான் பொறுக்க முடியவில்லை. அரைப்படி என்று மட்டும் சொன்னால் சாதி மறைந்துபோகிறது. வெறும் கூலித் தகராறு என்று எழுதுகிறவர்கள், தீ வைக்கப்பட்டது ஏன் சேரியில் மட்டும் என்பதற்குப் பதில் சொல்லவேண்டும்.

இன்று கூலி ரூபாயில் வருகிறது, ரேஷன் அரிசி கிலோவில் வருகிறது. மெட்ரிக் அளவு வந்து அறுபது ஆண்டுக்கு மேலாகியும் வீடுகளில் படியும் ஆழாக்கும் கிடக்கின்றன. அரிசி அளக்க அவை இருந்துவிட்டுப் போகட்டும். போகவேண்டியது ‘படியளக்கிறவர்’ என்ற பேச்சு. இலவச அரிசிக்கும் நூறு நாள் வேலைக்கும்கூட அதே சொல்லைத்தான் எடுக்கிறார்கள், நம்மவர்களும் சிலசமயம் சேர்ந்து சொல்கிறார்கள். யாரும் யாருக்கும் படியளக்கவில்லை. நம் கூலியை நாம் வாங்குகிறோம். அதையும் இன்னும் முழுசாக வாங்கவில்லை.