‘கர்த்தர்’ என்னும் சொல்லின் வேர்

கோவையிலிருந்து மேட்டுப்பாளையம் செல்லும் நெடுஞ்சாலையில், குருடிமலை கண்ணுக்குத் தெரியும் தொலைவில் அமைந்த ஊர் பெரியநாயக்கன்பாளையம். இவ்வட்டாரத்துத் தேவாலயங்களில் ஞாயிறுதோறும் ஒலிக்கும் தமிழைச் செவிமடுத்தால், அதனுள் மிகப் பழைய மொழியொன்று உறைந்திருப்பதை உணரலாம். ‘ஆமென்’, ‘அல்லேலூயா’, ‘ஓசன்னா’ ஆகியவை எபிரேய வழிபாட்டுச் சொற்கள். தொழுகையில் நாம் கூறும் ‘ஆமீன்’ முதற்சொல்லின் உடன்பிறப்பே. ‘பஸ்கா’ என்பதோ யூதர்தம் விடுதலைப் பெருநாளின் பெயர். கிரேக்கத்தின் வழியே நம்மை வந்தடைந்தது.

இவற்றினும் ஆழமான தடயம் ‘கர்த்தர்’ என்னும் சொல்லில் உள்ளது. பார்வைக்கு அது வடசொல்தான். ஆயினும் அது நிற்கும் இடம் யூத மரபு வகுத்த இடம். இறைவனின் நான்கெழுத்துத் திருப்பெயரை யூதர் உச்சரிப்பதில்லை. அவ்விடத்தில் ‘அதோனாய்’, அதாவது ‘என் ஆண்டவர்’ என்றே வாசிப்பர். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் தொடங்கிய கிரேக்க மொழிபெயர்ப்பைக் கிறிஸ்தவர் படியெடுத்தபோது, அவ்விடத்தில் ‘கிரியோஸ்’ என்று எழுதினர். அதன் பொருளும் ஆண்டவரே. 1871ஆம் ஆண்டின் தமிழ் வேதாகமம் பெரும்பாலும் ‘கர்த்தர்’ என்றும், 1995ஆம் ஆண்டின் திருவிவிலியம் ‘ஆண்டவர்’ என்றும் எழுதின. யூதரின் பேரச்சமும் பக்தியும் இவ்வாறு தமிழ் நாவிலும் குடிகொண்டன.

1706இல் தரங்கம்பாடியில் கால்வைத்த சீகன்பால்கு, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றிய பின் பழைய ஏற்பாட்டைத் தொடங்கினார். ரூத் ஆகமம் வரை முடித்து 1719இல் மறைந்தார். எஞ்சியதைச் சூல்ட்சே நிறைவுசெய்தார். பின்வந்த பெப்ரிசியஸ், எபிரேய மூலத்தை நுணுகி ஆராய்ந்து புதிய மொழிபெயர்ப்பொன்றை உருவாக்கினார். அம்மூலத்தில் தமிழின் சுவடும் உண்டென்பர் அறிஞர் பலர்: சுலைமான் நபிக்குக் கப்பல்களில் வந்த ‘துக்கி’ என்னும் பறவை மயிலே என்றும், அப்பெயர் ‘தோகை’யின் திரிபு என்றும் கருதுவர். குருடிமலை அடிவாரத்தில் மயில்களைக் காணும் நமக்கு இது வியப்பளிக்கும் செய்தி.

சொற்கள் மட்டுமன்று, நம்பிக்கையின் அடித்தளமும் அவ்வாறே. சுவிசேஷங்கள் காட்டும் இயேசு, எட்டாம் நாளில் விருத்தசேதனம் பெற்றவர். ஜெப ஆலயத்தில் ஏசாயாவின் ஏட்டை வாசித்தவர். தலையாய கட்டளைகளென அவர் எடுத்துரைத்த இறையன்பும் பிறரன்பும் தவ்ராத்திலுள்ள கட்டளைகளே. ‘கிறிஸ்து’ என்பதும் ‘மேசியா’ என்னும் எபிரேயப் பட்டத்தின் கிரேக்க ஆக்கமேயாகும்.

இவ்வேரை வெட்ட முயன்றோரும் உண்டு. 2ஆம் நூற்றாண்டில் மார்சியோன் எபிரேய வேதத்தை முற்றாக ஒதுக்கினார். ரோமாபுரித் திருச்சபை அவரை விலக்கியது. எனினும் யூதர்மீதான பகைமை ஐரோப்பாவில் நூற்றாண்டுகள் நீடித்தது. 1939இல் ஜெர்மனியின் ஐசனாக் நகரில், கிறிஸ்தவத்திலிருந்து யூதத் தடயங்களை அகற்றவென்றே ஒரு நிறுவனம் திறக்கப்பட்டது. யூதப் படுகொலைக்குப் பின், 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கிறிஸ்தவத்தின் யூத வேரை வெளிப்படையாக ஏற்று, யூத வெறுப்பைக் கண்டித்தது.

இவ்வரலாற்றை ஏற்பது இன்றைய எந்த அரசின் செயலுக்கும் சான்றிதழ் வழங்குவதாகாது. வேதங்களின் வரலாறு வேறு, அரசுகளின் வரலாறு வேறு. இப்ராஹீம் நபியைத் தந்தையென மதிக்கும் நாம், அண்டை வீட்டார் ‘கர்த்தர்’ என்று அழைக்கையில், அச்சொல்லுக்குப் பின்னே அமைதிகாத்த ஒரு சமூகத்தின் பக்தி நிற்பதை நினைவிற்கொள்வது நன்று.