எஞ்சின் ஏன் தட்டியது?

அதிகாலையில் காரைக் கிளப்புகிறோம். 'டக டக' என்று ஓர் ஓசை கேட்கிறது. அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் இதைச் சொன்னால், "சத்தம் எப்போது வருகிறது?" என்றுதான் அவர் முதலில் வினவுவார். கிளப்பியவுடன் வந்து சில விநாடிகளில் மறைந்தால், இரவில் கீழே வடிந்துவிட்ட மசகெண்ணெய் மேலேறச் சற்று நேரம் பிடிக்கிறது என்று ஊகிப்பார். எஞ்சினின் வேகத்தோடு ஓசையும் கூடினால், தேய்ந்த உறுப்பு எதுவெனத் தேடுவார். மேட்டில் ஏறும்போது மட்டும் கேட்டால், அவருடைய சிந்தனை வேறு பக்கம் திரும்பும்.

இந்த மூன்றாவது ஓசையின் காரணத்தை அறிய மோட்டார் உலகம் பல ஆண்டுகள் பாடுபட்டது. அதைப் போக்கக் கண்ட மருந்தோ நோயைவிடக் கொடியதாயிற்று. அந்த வரலாற்றைக் காண்போம்.

பழி யார் மீது?

தொடக்க காலத்தில் காரைக் கிளப்புவதே பெரும்பாடு. வண்டியின் முன்னால் நின்று இரும்புக் கைப்பிடியைச் சுழற்ற வேண்டும். சில வேளைகளில் எஞ்சின் எதிர்த்திசையில் உதைத்துக் கையை முறித்துவிடும். அமெரிக்காவின் டேட்டன் நகரில் சார்லஸ் கெட்டரிங் என்னும் பொறியியலார் இதற்கு ஒரு வழி கண்டார். அவர் அமைத்த மின்சார ஸ்டார்ட்டர் 1912-ஆம் ஆண்டின் காடிலாக் காரில் இடம்பெற்றது. பாட்டரியைக் கொண்டு தீப்பொறி உண்டாக்கும் அவருடைய முறையும் அதில் இருந்தது.

விரைவில் புகார்கள் எழுந்தன. எஞ்சினுக்குப் பளு மிகும்போது, உள்ளே யாரோ சுத்தியலால் தட்டுவது போன்ற ஓசை! பழி பாட்டரித் தீப்பொறியின் மேல் விழுந்தது. கெட்டரிங் 1916-இல் இந்தச் சிக்கலைத் தம் இளம் உதவியாளர் தாமஸ் மிட்ஜ்லியிடம் ஒப்படைத்தார்.

மிட்ஜ்லியும் 'எப்போது?' என்ற வினாவையே எழுப்பினார். சிலிண்டருக்குள் அழுத்தம் மாறும்போது அசையும் ஒரு சிறு கண்ணாடியின் உதவியால், அந்த மாறுதலை ஒளிக்கோடாகப் படமெடுத்தார். தட்டல் தீப்பொறிக்கு முன்பு நிகழவில்லை. எரிதல் தொடங்கிய பின்னரே நிகழ்ந்தது. மண்ணெண்ணெயில் எஞ்சினை ஓட்டியபோது தட்டல் இன்னும் மிகுந்தது. ஆகவே குற்றவாளி தீப்பொறியன்று, எரிபொருளே!

தட்டுவது எது?

தீப்பொறி தோன்றிய இடத்திலிருந்து சுடர் பரவுகிறது. அது தனக்கு எதிரேயுள்ள எரியாத கலவையை அமுக்குகிறது. அமுக்கிய வாயு சூடேறும் என்பது சைக்கிள் பம்பைத் தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சுடர் வந்து சேருமுன்பே அந்தக் கடைசிக் கலவை தானாகவே ஒரே கணத்தில் பற்றிக்கொண்டால், அழுத்த அலைகள் தோன்றிச் சுவர்களில் மோதுகின்றன. சாதாரணக் கார் எஞ்சினில் இந்த அதிர்வு விநாடிக்கு ஏறக்குறைய 6,000 முதல் 7,000 முறை நிகழும். நாம் கேட்பது இரும்பு இரும்பில் மோதும் ஓசையன்று. வாயு அதிரும் ஓசை. இங்கிலாந்தில் ஹாரி ரிக்கார்டோவும் இதே விளக்கத்தை எட்டினார்.

கிடைத்த மருந்து

எரிபொருளுக்குச் சிவப்பு நிறமூட்டினால் அது வெப்பத்தை நன்கு ஈர்த்து விரைவில் ஆவியாகும், தட்டலும் நிற்கும் என்று ஒரு கருத்துத் தோன்றியது. மிட்ஜ்லி கைக்குக் கிடைத்த அயோடினைக் கலந்தார். தட்டல் அடங்கியது! ஆனால் வேறு சிவப்புச் சாயங்கள் பயன்தரவில்லை. நிறமற்ற அயோடின் சேர்மமோ பயன்தந்தது. கருத்துப் பொய்; விளைவு மட்டும் மெய். நிறத்திற்கும் தட்டலுக்கும் தொடர்பில்லை என்பதை இந்த எதிர்ச்சோதனையே காட்டியது.

அயோடின் விலை அதிகம், உலோகத்தையும் அரிக்கும். தேடல் தொடர்ந்தது. 1921 டிசம்பர் 9 அன்று டெட்ரா எத்தில் ஈயம் என்ற சேர்மம் சோதிக்கப்பட்டது. ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகக் கலந்தாலே போதும், எஞ்சின் அமைதியாக ஓடியது. 1923-இல் அது விற்பனைக்கு வந்தது. ஆல்கஹால் கலந்தாலும் தட்டல் அடங்கும் என்பதை மிட்ஜ்லி அறிந்தேயிருந்தார். ஆனால் அது பெருமளவில் வேண்டும்; ஈயமோ சில துளிகள் போதும்.

ஈயம் நஞ்சு என்பது புதிய செய்தியன்று. 1924 அக்டோபரில் நியூ ஜெர்சி மாநிலத்தில், இச்சேர்மம் தயாரித்த ஆலையில் தொழிலாளர்கள் சித்தம் கலங்கினர், ஐவர் மாண்டனர். 1925-இல் வாஷிங்டனில் கூடிய மாநாட்டில், மருத்துவர் ஆலிஸ் ஹாமில்டன் உள்ளிட்டோர் எச்சரித்தனர். இடையில் நிறுத்தப்பட்ட விற்பனை 1926-இல் மீண்டும் தொடங்கியது. அதன் பிறகு உலகெங்கும் வண்டிகளின் புகை ஈயத் துகள்களைத் தெருக்களில் தூவியது. அவை மூச்சோடு இரத்தத்தில் கலந்து, குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதித்தன. மனித உடலில் ஈயம் இயற்கை அளவைவிட மிக அதிகமாகச் சேர்ந்துள்ளது என்று 1965-இல் கிளேர் பேட்டர்சன் எடுத்துக்காட்டினார். புகையைத் தூய்மைப்படுத்தும் வினையூக்கிக் கருவிகளையும் ஈயம் கெடுத்தது. ஒவ்வொரு நாடாக அதைக் கைவிட்டது. இந்தியாவில் 2000 பிப்ரவரி முதல் ஈயமற்ற பெட்ரோலே விற்கப்படுகிறது. கடைசியாக அல்ஜீரியா 2021-இல் நிறுத்தியது. ஓர் ஓசையை அடக்கியதற்கு உலகம் கொடுத்த விலை நூறாண்டு நஞ்சு!

இன்று எஞ்சினின் உடலில் பொருத்திய ஒரு படிகம் அந்த அதிர்வைக் கேட்கிறது. எல்லா நேரத்திலும் அன்று. தீப்பொறிக்குப் பின் தட்டல் நிகழக்கூடிய சிறு இடைவெளியில் மட்டுமே அது செவி சாய்க்கும். தட்டல் தென்பட்டால் அடுத்த தீப்பொறி சற்றுத் தாமதமாகிறது, ஓசை அடங்குகிறது. அன்று ஒதுக்கப்பட்ட ஆல்கஹாலும் பெட்ரோலில் கலந்து வருகிறது.

நோயை அறிய 'எப்போது?' என்று கேட்டார்கள், விடை கிடைத்தது. மருந்தைக் கலக்குமுன் 'அது எங்கே போய்ச் சேரும்?' என்றும் கேட்டவர்கள் இருந்தார்கள். அவர்களுடைய குரலுக்குத்தான் அன்று செவி சாய்ப்பார் இல்லை.