சிமிலியா, மெட்டஃபரா? திண்டுக்கல் பெயரிலேயே இருக்கு விடை!

10ஆம் வகுப்பு ஆங்கிலத் தேர்வில் பாடல் வரியைக் கொடுத்து, அதில் உள்ள அணியைக் கேட்பார்கள். பலர் மார்க்கை விடுவது இங்கேதான்.

சிமிலி (உவமை): ‘லைக்’, ‘ஆஸ்’ சேர்த்து ஒப்பிடுவது. ‘அவர் வாய் பூட்டு மாதிரி’. ஆனா, ‘ஐ லைக் பிரியாணி’ சிமிலி இல்லை. அதில் ஒப்பீடே கிடையாது.

மெட்டஃபர் (உருவகம்): ‘மாதிரி’ இல்லாமல் ஒன்றாகவே சொல்வது. ‘அவர் வாய் திண்டுக்கல் பூட்டு’.

பெர்சானிஃபிகேஷன்: மனிதரல்லாததை மனிதராக்குவது. ‘சிறுமலை போர்வை போத்திட்டு தூங்குது’.

அலிட்டரேஷன்: நம்ம மோனைக்கு நெருக்கமானது. எழுத்தைப் பார்க்காதீங்க, ஒலியைக் கேளுங்க. ‘சிட்டி’, ‘கேட்’ இரண்டுக்கும் ஆங்கிலத்தில் முதல் எழுத்து ஒன்றே, ஒலி வேறு.

எங்கே குழப்பம்?

திண்டு போன்ற கல் என்பதால் ‘திண்டுக்கல்’ என்பது பெயர் விளக்கம். ‘போன்ற’ மறைந்திருந்தாலும் தமிழில் அது உவமைத்தொகை. ‘கல்திண்டு’ என்று மாற்றினால்தான் உருவகம். ஆங்கிலத்திலோ ஒப்பீட்டுச் சொல் வெளியே தெரியாவிட்டால், பொதுவாக மெட்டஃபர்தான்.

தமிழ் இலக்கணத்தை அப்படியே ஆங்கிலத் தாளில் எழுதிடாதீங்க. முதலில் ஒப்பீடு இருக்கான்னு பாருங்க, அப்புறம் ‘லைக்’, ‘ஆஸ்’ தேடுங்க.