ஒருத்தர் கால், இன்னொருத்தர் காசு

இங்கிலாந்து மாதிரி நாடுகளில் கத்தோலிக்கப் பங்குகளில் ஒரு வழக்கம் உண்டு. பங்குச் சாமியார் பல நாள் நெடுநடை போகப்போவதாக அறிவிப்பார். பூசை முடிந்ததும் ஒரு தாள் கைமாறிக் கைமாறி வரும். மைலுக்கு இவ்வளவு தருகிறேன் என்று ஆளாளுக்குப் பெயரும் தொகையும் எழுதுவார்கள். சாமியார் நடந்து முடித்த பிறகு, மைலை எண்ணி வசூல். அந்தக் காசில் பங்கு இளைஞர்கள் உலக இளையோர் நாள் மாதிரியான திருப்பயணத்துக்குக் கிளம்புவார்கள்.

இதை நம்ம ஆளுங்ககிட்ட சொன்னா உடனே ஒரு கேள்வி வரும். "காசு கொடுக்கணும்னா கொடுத்துட்டுப் போகலாமே, அந்த மனுசன் எதுக்கு நடக்கணும்?" நியாயமான கேள்விதான். பதில் தேடிப் போனால் பல நூறு வருசம் பின்னால் போகவேண்டியிருக்கிறது.

ஸ்பெயினின் வடமேற்கு மூலையில் சந்தியாகோ தெ கொம்போஸ்தெலா என்று ஒரு ஊர். இயேசுவின் சீடரான யாக்கோபு அங்கே அடக்கம் செய்யப்பட்டதாக நம்பிக்கை. போர்த்துகீசியர் வழியாக வந்த அந்தப் பெயர்தான் நம்ம கடற்கரையில் 'சந்தியாகப்பர்' ஆனது. ராமேசுவரம் தீவில் தங்கச்சிமடம் பக்கம் அவருக்குக் கோயிலே இருக்கு.

இடைக்கால ஐரோப்பாவில் பல தேசத்து மக்கள் கொம்போஸ்தெலாவுக்கு நடந்தார்கள். பிரனீஸ் மலையடிவாரத்திலிருந்து போனாலே கிட்டத்தட்ட 780 கிலோமீட்டர். ஒரு மாசத்துக்கு மேல் ஆகும். ஆனா நடந்தவங்க எல்லோரும் தங்கள் சொந்த வேண்டுதலுக்காக நடக்கவில்லை. வசதியுள்ளவர் உயிலில் எழுதிவைப்பார்: நான் செத்தபிறகு என் பணத்தில் ஒருவர் எனக்காக நடக்கணும் என்று. நோயாளியும் முதியவரும் கூலி கொடுத்து ஆள் அனுப்பினார்கள். கொள்ளைநோய் வந்தபோது ஊரே பணம் போட்டு ஆள் அனுப்பியதும் உண்டு.

பிளாண்டர்ஸ் நகரங்களில் இதைத் தண்டனையாகவும் வைத்திருந்தார்கள். அடிதடி, கொலை வழக்கில் மாட்டியவனை, இன்ன தலத்துக்கு நடந்துபோய் அத்தாட்சிக் கடிதம் வாங்கிவா என்று அனுப்புவார்கள். நடக்க விருப்பமில்லையா, பணம் கட்டித் தப்பலாம். எந்தத் தலத்துக்கு எவ்வளவு என்று விலைப்பட்டியலே இருந்தது.

நமக்கு இது ரொம்ப அந்நியம் இல்லை. குடிமராமத்துக்கு வீட்டுக்கு ஓர் ஆள் வரணும். வர முடியாதவர் கூலியாள் அனுப்பணும், இல்லைன்னா காசு கட்டணும். ஆனால் ஏரி வேலையில் யார் மண் சுமந்தாலும் கரை உயரும். கொம்போஸ்தெலா நடையில் புண்ணியம் காசு கொடுத்தவருக்கு, கொப்புளம் நடந்தவருக்கு.

அப்புறம் மதச் சீர்திருத்தமும் போர்களும் வந்தன. அந்தப் பாதை மெல்ல மெல்ல மங்கியது. 1980-களின் தொடக்கத்தில் வருசத்துக்குச் சில நூறு பேர்தான் நடந்தார்கள். அதை மீட்டதில் முக்கியமானவர் ஒரு கிராமத்துச் சாமியார், எலியாஸ் வலீனா. கலீசிய மலைமேல் சுமார் 1,300 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஓ செப்ரெய்ரோ என்ற சிற்றூரின் பங்குத்தந்தை. மனுசரும் மாடும் ஒரே வைக்கோல் கூரைக்குக் கீழே வாழ்ந்த வட்டவடிவக் கல்வீடுகள் உள்ள ஊர் அது. பழைய பாதையைப் பற்றியே முனைவர் ஆய்வு செய்தவர் அவர். 1984-ல் சாலை வேலையில் மிஞ்சிய மஞ்சள் பெயிண்டை வாங்கிக் காரில் வைத்துக்கொண்டு, வழிதவறும் இடங்களில் எல்லாம் அம்புக்குறி வரைந்துகொண்டே போனார். இன்றைக்கும் அந்த மஞ்சள் அம்புதான் அடையாளம்.

1989 ஆகஸ்டில் உலக இளையோர் நாள் கொம்போஸ்தெலாவிலேயே நடந்தது. போப் இரண்டாம் ஜான் பால் தொடங்கிவைத்த கூட்டம் அது. லட்சக்கணக்கான இளைஞர்கள் ஊருக்கு வெளியே மோந்தே தோ கோசோ என்ற குன்றில் கூடினார்கள். பழைய யாத்திரிகர்கள் கோயில் கோபுரத்தை முதன்முதலாகப் பார்த்து மகிழ்ந்த குன்று. அதே வருசம் டிசம்பரில் வலீனா இறந்துபோனார். 2023-ல் அந்தத் தலத்தில் யாத்திரைச் சான்றிதழ் வாங்கியவர்கள் 4,40,000 பேருக்கும் மேல்.

இளையோர் நாளுக்குப் போக விமானச் செலவு உண்டு. மணிலா, சிட்னி, ரியோ, லிஸ்பன் என்று ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு ஊர். அடுத்தது 2027-ல் சியோல். வசதியுள்ள வீட்டுப் பிள்ளை போய்விடும், இல்லாத வீட்டுப் பிள்ளை படத்தில் பார்க்கும். சாமியாரின் காசு நடை இந்த இடத்தில்தான் வருகிறது. முறை ஒன்றும் புதுசு இல்லை. 1960-களில் பிரிட்டனில் தர்ம காரியங்களுக்காக மைல் கணக்கில் நடப்பது பரவியது. 1967-ல் கனடாவில் 'மைல்ஸ் ஃபார் மில்லியன்ஸ்' என்று ஊர் ஊராக நடந்தார்கள்.

பழைய கூலி நடையோடு ஒப்பிட்டுப் பாருங்க. அன்றைக்கு இரண்டே பேர்: காசு கொடுத்தவருக்குப் புண்ணியம், நடந்தவருக்குக் கூலி. இப்போ மூன்று பேர். காசு கொடுப்பவருக்கு ஒன்றும் திரும்பி வராது. நடக்கிற சாமியாருக்கும் பத்துப் பைசா கிடையாது. இரண்டும் சேர்ந்து, யாரென்றே தெரியாத ஒரு வீட்டுப் பிள்ளைக்குப் போகிறது.

அப்போ, சும்மா கொடுத்தால் என்ன? என் கணக்கு இதுதான். சும்மா கேட்டால் பெரிய கை பெரிய தொகை போடும், பெயர் பலகையில் ஏறும், சின்ன கை வெட்கப்பட்டு ஒதுங்கும். மைலுக்கு நாலு காசு என்றால் கிழவியும் கையெழுத்துப் போடலாம். ஆகஸ்ட் கடைசியில் வேளாங்கண்ணிக்கு நடந்துபோகிறவர்கள் கையில், வர முடியாதவர்கள் உண்டியலில் போடச் சொல்லிச் சில்லறை முடிந்து கொடுக்கிறார்களே, அந்த மாதிரி. தொகை சின்னதுதான், ஆனா நடையில் அவங்களுக்கும் பங்கு வந்துவிடுகிறது.

ஒரே ஒரு பயம் எனக்கு. சாமியார் நடப்பார், நாம விமானத்தில் ஏறுவோம் என்று இளைஞர்கள் உட்கார்ந்துவிட்டால், அது மறுபடியும் பழைய கூலி நடைதான். அதனால் அந்தத் தாளை நீட்டுகிற பங்கில் முதலில் விசாரிக்க வேண்டியது தொகையை இல்லை. கூட எத்தனை இளவட்டங்கள் நடக்கிறார்கள் என்பதைத்தான்.