மரபுக் கட்டட வரிக் கழிவும் சிறு உரிமையாளரும்: அமெரிக்கச் சட்டம் பற்றிய ஒரு மறுபரிசீலனை

1976 வரை அமெரிக்க வருமான வரிச் சட்டம் பழைய கட்டடங்களுக்குப் பாதகமாகவே இயங்கியது. இடிப்பதற்கான செலவுக்கு வரியில் கழிவு உண்டு. அதே மனையில் எழும் புதிய கட்டடத்துக்கு விரைவுத் தேய்மானமும் உண்டு. நியூயார்க்கின் பென்சில்வேனியா ரயில் நிலையத்தை 1963இல் இடிக்கத் தொடங்கியபோது எழுந்த அதிர்ச்சி, 1966ஆம் ஆண்டின் தேசிய வரலாற்றுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு வழிவகுத்தது. ஆனால் அச்சட்டம் கட்டுப்படுத்தியது அரசின் திட்டங்களைத்தான். தனியார் தம் பணத்தில் தம் கட்டடத்தை இடிப்பதை அதனால் தடுக்க முடியவில்லை. 1976இன் வரிச் சீர்திருத்தம் இடிப்புக்கான கழிவை மரபுக் கட்டடங்களுக்கு மறுத்தது. புனரமைப்புச் செலவை 60 மாதங்களில் கழித்துக்கொள்ள அனுமதித்தது. 1981இல், செலுத்த வேண்டிய வரியிலிருந்தே செலவின் 25 விழுக்காட்டைக் கழித்துக்கொள்ளலாம் என்றானது. 1986இல் அது 20 ஆகக் குறைந்தது, இன்றும் அதுவே.

இத்திட்டம் ஈர்த்த முதலீடு பத்தாயிரம் கோடி டாலரைத் தாண்டிவிட்டது. அந்த வெற்றியை மறுப்பதற்கில்லை. ஆனால் விவாதம் எப்போதும் விகிதத்தைச் சுற்றியே நடக்கிறது. எந்தக் கட்டடம் பிழைக்கிறது என்பதைப் பெரிதும் தீர்மானிப்பவை வேறு இரண்டு: தகுதி வரம்பும், கழிவைப் பயன்படுத்தும் முறையும்.

வரம்பு இது: பொதுவாக 24 மாதங்களுக்குள் செய்யும் செலவு, மனையை நீக்கித் தேய்மானம் கழித்த கட்டட மதிப்பைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். ஒருவர் 10 லட்சம் டாலர் மதிப்புள்ள பழைய செங்கல் கட்டடத்தை வாங்குகிறார் என்று கொள்வோம். கீழே கடைகள், மேலே வாடகை வீடுகள். கூரை, சன்னல், குழாய், மின்கம்பி ஆகியவற்றைச் சீராக்க 8 லட்சம் செலவிட்டால் அவருக்கு ஒரு டாலரும் கிடையாது. செலவு 11 லட்சமானால் 2.2 லட்சம் கிடைக்கும். அளவாகப் பழுதுபார்த்து, பழைய படிக்கட்டையும் சுதைப்பூச்சையும் அப்படியே காப்பவருக்கு ஒன்றுமில்லை. தேவைக்கு மேல் பிரித்துக் கட்டுபவருக்குப் பரிசு. பாதுகாப்புக் கொள்கைக்கு இதைவிட முரணான விளைவு இருக்க முடியாது.

வழக்கமான பராமரிப்புக்கெல்லாம் பொதுப்பணம் போய்விடக் கூடாது என்பது வரம்பை ஆதரிப்போரின் வாதம். கவலை நியாயமானதே. ஆனால் வேலையின் தரத்தைக் காப்பது உள்துறைச் செயலரின் பத்து நெறிகளும், அவற்றின்படி தேசியப் பூங்கா சேவை நடத்தும் பரிசீலனையும்தான். செலவின் அளவு தரத்துக்குச் சான்றாகாது.

பல ஆண்டுகளாகக் கட்டடத்தை வைத்திருப்பவர் வரம்பை எளிதில் தாண்டலாம். தேய்மானம் மதிப்பைக் குறைத்திருக்கும். அவருக்கு அடுத்த தடை காத்திருக்கிறது. 1986இன் விதிகள் தனிநபர் இக்கழிவைப் பயன்படுத்துவதைக் கடுமையாகச் சுருக்கின. சட்டம் அதை நேரடியாக விற்கவும் விடுவதில்லை. ஆகவே பெருநிறுவனம் ஒன்றைக் கூட்டாளியாகச் சேர்க்க வேண்டியிருக்கிறது. அட்லாண்டிக் நகரின் போர்டுவாக் அரங்க வழக்கில், அப்படிச் சேர்ந்த முதலீட்டாளர் உண்மையான கூட்டாளியே அல்லர் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2012இல் தீர்ப்பளித்தது. வரித்துறை பின்னர் பாதுகாப்பான வழிமுறை ஒன்றை வகுத்துத் தந்தாலும், ஒப்பந்தங்களின் சிக்கல் குறையவில்லை. வழக்கறிஞர், கணக்காளர் கட்டணம் திட்டம் சிறிதென்பதற்காகக் குறைவதில்லை. 2017இன் சட்டம் கழிவை ஐந்து ஆண்டுகளுக்குப் பிரித்ததும் சிறியவரையே அதிகம் வாட்டுகிறது.

மிசௌரி மாநிலம் மாற்று வழியைக் காட்டியுள்ளது. 1998 முதல் அது அளித்த 25 விழுக்காட்டு மாநிலக் கழிவைப் பிறருக்கு விற்கலாம். செயின்ட் லூயிஸின் வாஷிங்டன் அவென்யூவில் கைவிடப்பட்டிருந்த ஆடைத் தொழிற்கூடங்களும் கிடங்குகளும் குடியிருப்புகளாக மாறியதில் அதற்குப் பெரும் பங்குண்டு. செலவு பெருகியதால் மாநிலம் பின்னர் ஆண்டு உச்சவரம்பு விதித்தது. அப்போதும் சிறு தொகைத் திட்டங்களை அந்த வரம்புக்கு வெளியே வைத்தது. தகுதி வரம்பைக் கட்டட மதிப்பின் பாதியாகக் குறைக்கவும், சிறு திட்டங்களுக்கு 30 விழுக்காடு தரவும், அவற்றின் கழிவைக் கைமாற்றவும் வகைசெய்யும் மசோதா அமெரிக்க நாடாளுமன்றத்தில் பலமுறை கொண்டுவரப்பட்டுள்ளது. மூன்றும் ஒன்றாக வர வேண்டியவை. விகிதத்தை மட்டும் உயர்த்தினால், வரம்புக்கு இப்புறம் நிற்கும் சிறு நகரக் கடைவீதிகளுக்கு எந்த மாற்றமும் வராது.