சேம அச்சும் இன்டர்கூலரும்

மரக்காணத்து உப்பளங்களைக் காணச் சென்றிருந்தபோது, உடன் வந்த மாணவர் ஒருவர் தம் காரின் முன்பக்கத்தைத் திறந்து காட்டினார். டர்போ எஞ்சினுக்கென வெளிச்சந்தையில் வாங்கிப் பொருத்திய பெரிய இன்டர்கூலர். அதன் அலுமினியத் தகடுகளில் வெண்பொடி பூத்திருந்தது. உப்பு என்றே முதலில் எண்ணினோம். உண்மையில் அது உப்புக்காற்று அரித்த அலுமினியத்தின் பொடி.

இந்நெய்தல் நிலத்துக்கும் வண்டிக்கும் உள்ள உறவு பழையது. சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் மரக்காணமே என்பது ஆய்வாளர் கருத்து. உப்பை உள்நாட்டுக்கு ஏற்றிச் சென்ற உமணர், பள்ளமும் மேடுமான வழியை எண்ணி, வண்டியின் அடியில் 'சேம அச்சு' ஒன்றைக் கட்டிச் சென்றனர். புறநானூற்றின் 102ஆம் பாடலில் ஔவையார் பொகுட்டெழினியை அவ்வச்சுக்கே ஒப்பிடுகிறார். பாரத்தையும் வழியையும் அறிந்து உறுப்பைத் தேடிய அறிவு அது.

இன்டர்கூலரும் அவ்வாறு ஒரு தேவையில் பிறந்ததே. சுவிட்சர்லாந்தின் ஆல்ஃபிரட் பூக்கி 1905இல் டர்போவுக்குக் காப்புரிமை பெற்றார். எஞ்சினின் கழிவுப்புகையால் சுழலும் டர்போ, காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்துகிறது. அழுத்தப்பட்ட காற்று சூடாகும்; சூடான காற்றில் அடர்த்தி குறையும். 120 பாகை செல்சியசில் உள்ள காற்றை, அழுத்தம் மாறாமல், 50 பாகைக்குக் குளிர்வித்தால் அடர்த்தி ஏறத்தாழ 20 விழுக்காடு கூடும். பெட்ரோல் எஞ்சினில் தட்டல் ஒலியும் தணியும். 1978ஆம் ஆண்டு மாடலான போர்ஷே 911 டர்போ இன்டர்கூலருடனேயே வந்தது.

பெரியதே நல்லது என்று வாங்குவோர் ஒன்றை மறக்கின்றனர். இன்டர்கூலரும் குழாய்களும் அளவுக்கு மீறிப் பெருத்தால், அவற்றை நிரப்பி அழுத்தம் ஏறுவதற்குள் டர்போவின் வேகம் தாமதப்படும். ரேடியேட்டருக்கு முன்னே அடைத்து நின்றால் எஞ்சின் சூடேறும். வளைவுகள் மிகுந்தால் அழுத்தம் குறையும். இணைப்பு ஹோஸும் கிளாம்பும் மலிவானவையென்றால் பாரம் ஏறும் நேரத்தில் கழன்றுபோகும். கடற்கரை ஊர்களில் ஓடிய வண்டியின் பழைய உறுப்பென்றால், வாங்குமுன் காற்றழுத்தச் சோதனையில் கசிவு பார்த்தல் அவசியம். இக்கரையில் வாழ்வோர் தகடுகளை நன்னீரால் அவ்வப்போது கழுவுதலும் வேண்டும்.

சட்டமும் உண்டு. தயாரிப்பாளர் வகுத்த விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றக் கூடாது என 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் கேட்டறியாமல் வாங்கினால், விபத்து நேர்ந்தபின் இழப்பீடு கேள்விக்குறியாகலாம்.

அம்மாணவரிடம், இவ்வுறுப்பை எதற்காக வாங்கினீர் என்று கேட்டோம். நண்பர்கள் வைத்திருப்பதால் என்றார். திரும்பும் வழியில் உப்பு மூட்டைகளை ஏற்றிய லாரி ஒன்று எங்களுக்கு முன்னே மெல்லச் சென்றது. அதன் அடியில், உமணரின் சேம அச்சு இருந்த இடத்தில், மாற்றுச் சக்கரம் தொங்கிக்கொண்டிருந்தது.