பேரரசனுக்காக வேண்டினர், பேரரசனை வேண்டிலர்: ஆதிக் கிறிஸ்தவரின் மன்றாட்டு மரபு

பிறர்க்காக இறைவனை வேண்டுதல் கிறிஸ்தவரின் நாளாந்த வழக்கங்களுள் ஒன்றாகும். நோயுற்ற அயலவர், பரீட்சைக்குச் செல்லும் பிள்ளைகள், கடலிற் தொழில் செய்வோர், நாட்டை ஆள்வோர் என ஒரு நீண்ட வரிசை காலையிலும் மாலையிலும் அவர்தம் செபங்களில் இடம்பெறுகின்றது. கத்தோலிக்கர் இதனை மன்றாட்டு என்பர். மன்றிலே நின்று வழக்குரைத்தல் என்னும் பொருளிற் பிறந்தது அச்சொல். மன்றில் ஒருவர் தமக்காக மட்டுமன்றி, பேச முடியாத மற்றொருவருக்காகவும் நிற்கலாம் அல்லவா?

இவ்வழக்கத்தை வீட்டின் உள்ளறைக்குரிய தனிமனித பக்தியாகவே நாம் கருதிப் பழகியுள்ளோம். ஆயின், அதன் தொடக்ககால வரலாற்றை நோக்குமிடத்து வேறொரு காட்சி புலனாகின்றது. உரோமப் பேரரசில் முதல் மூன்று நூற்றாண்டுகளிலும் யாரை வேண்டுவது, யாருக்காக வேண்டுவது என்பது அரசியல் வினாவாகவும் இருந்தது. அதற்கான விடை சில வேளைகளில் உயிரையே விலையாகக் கேட்டது. தமிழிலக்கணம் பயின்றோர் இதனை எளிதில் உணர்வர். ‘பேரரசனை வேண்டுதல்’ இரண்டாம் வேற்றுமைப்பாற்படும். ‘பேரரசனுக்காக வேண்டுதல்’ நான்காம் வேற்றுமைப்பாற்படும். அதிகாரமற்ற ஒரு சிறு கூட்டத்தினர் முன்னையதை மறுத்துப் பின்னையதை நாடோறும் செய்துவந்தனர். அவர்தம் நல்லெண்ணமும் எதிர்ப்பும் ஒரே வழக்கத்துள் ஒருங்கே அடங்கியிருந்தன என்பதே இக்கட்டுரையின் துணிபு.

இம்மரபு கிறிஸ்தவர் புதிதாகக் கண்டதன்று. பாபிலோனுக்குச் சிறைகொண்டு செல்லப்பட்ட யூதருக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதிய திருமுகம், அவர்கள் வாழ நேர்ந்த அந்நிய நகரின் நலத்தை நாடுமாறும் அதற்காக இறைவனை வேண்டுமாறும் பணித்தது. வென்றவனின் நகருக்காகத் தோற்றவன் வேண்டுவது என்னும் கருத்து அங்கேயே தோன்றிவிட்டது. உரோமர் ஆட்சியில் அது நிலைபெற்ற ஏற்பாடாயிற்று. பேரரசனின் உருவத்துக்குப் பலியிட யூதர் உடன்படார் என்பதை அறிந்திருந்த உரோமர், எருசலேம் ஆலயத்தில் இறைவனுக்கு நாடோறும் பேரரசனுக்காகப் பலி செலுத்தப்படுவதை ஏற்று அமைந்தனர்.

இவ்வேற்பாடு எத்துணை நொய்ம்மையானது என்பதை இரு நிகழ்ச்சிகள் காட்டுகின்றன. ஏறத்தாழ கி. பி. 40இல் அலெக்சாந்திரியா நகர யூதரின் தூதுக்குழுவொன்று காயுஸ் பேரரசனைச் சந்தித்தது. கலிகுலா என்னும் பெயரால் வரலாறு அறிந்தவன் இவனே. தாம் அவனுக்காகப் பலியிட்டதைத் தூதுவர் எடுத்துரைத்தபோது, தனக்காகச் செலுத்தியது உண்மையாயினும் தனக்குச் செலுத்தவில்லையே, அதனாற் பயனென்ன என்று அவன் கேட்டதாகத் தூதுக்குழுவின் தலைவரான ஃபீலோ எழுதிவைத்துள்ளார். ஆணவம் மிக்க மன்னனாயினும் வேறுபாட்டின் கூர்மையை அவன் சரியாகவே கண்டுகொண்டான். இரண்டாவது நிகழ்ச்சி கி. பி. 66இல் நடந்தது. ஆலயக் காவற்றலைவனான எலெயாசார் அந்நியருக்கான பலிகளை நிறுத்தச் செய்தான். உரோமருடனான போருக்கு அடித்தளம் இச்செயலே என யோசேபுஸ் என்னும் வரலாற்றாசிரியர் கூறுகின்றார். ஒருவனுக்காக வேண்டுவதை நிறுத்துதல் போர்ப் பிரகடனமாகக் கொள்ளப்பட்டது. நான்கு ஆண்டுகளில் ஆலயம் தீக்கிரையாயிற்று.

கிறிஸ்தவர் இம்மரபின் வழிவந்தோர். பவுலின் பெயரால் வழங்கும் தீமோத்தேயுவுக்கான முதலாந் திருமுகம், எல்லா மனிதருக்காகவும், அரசருக்காகவும் அதிகாரமுள்ளோர் யாவருக்காகவும் வேண்டுதல் செய்யப் பணிக்கின்றது. அதற்கு அது கூறும் நோக்கங்களுள் ஒன்று, அமைதியான வாழ்வு நடத்தல். இங்கே ஓர் ஐயம் எழலாம். ஆள்வோர்க்கான வேண்டுதல் வெறும் தற்காப்பு உபாயந்தானோ? கிறிஸ்தவச் சார்பான நூல்கள் பல அரசினரை நோக்கியே எழுதப்பட்டமையால் இவ்வையம் நியாயமானதே. ஆட்சியாளரின் காதில் விழுமாறு ‘உமக்காக வேண்டுகிறோம்’ என்பது எளிது. தம்முள்ளே கூடியபோது அவர்கள் என்ன செய்தனர் என்பதே கேள்வி.

இவ்வினாவுக்கு விடையளிக்கும் சான்றொன்று மிகப் பிந்தியே கிடைத்தது. முதலாம் நூற்றாண்டின் இறுதியில் உரோமத் திருச்சபை கொரிந்துத் திருச்சபைக்கு எழுதிய திருமுகம் கிளமெந்தின் பெயரால் வழங்குகின்றது. மேனாட்டறிஞர் நெடுங்காலம் பயன்படுத்திய ஏட்டில், அதன் இறுதிப் பகுதியில் ஓரிதழ் காணப்படவில்லை. 1873இல் பிரியென்னியோஸ் என்னும் கிரேக்கத் திருச்சபை அறிஞர் கொன்ஸ்தாந்திநோப்பிளில், 1056இல் எழுதப்பட்ட ஒரு கையெழுத்துச் சுவடியைக் கண்டெடுத்தார். காணாமற்போன பகுதி அதிலே இருந்தது. அது ஒரு நீண்ட மன்றாட்டு. துன்புறுவோர், வீழ்ந்தோர், நோயாளர், பசித்தோர், சிறைப்பட்டோர் ஆகியோருக்காக அது முதலில் வேண்டுகின்றது. பின்னரே ஆள்வோரின் உடல்நலம், அமைதி, ஒற்றுமை, நிலைபேறு ஆகியவற்றை இறைஞ்சுகின்றது. கி. பி. 64இல் உரோம் நகர் தீப்பற்றி எரிந்த பின்னர் நீரோ மன்னன் கிறிஸ்தவரைக் கொன்று குவித்ததை நினைவிற்கொண்டிருந்த சபையே இவ்வாறு வேண்டியது. எழுதியோர் கிறிஸ்தவர், படித்தோரும் கிறிஸ்தவர். ஆள்வோரைக் கவரும் நோக்கம் இங்கே இருக்க இடமில்லை. அதே சுவடியிற் கிடைத்த ‘டிடாக்கே’ என்னும் ஒழுக்க நூல், நாளொன்றுக்கு மும்முறை செபிக்குமாறும், பகைவர்க்காக வேண்டுமாறும், துன்புறுத்துவோருக்காக நோன்பிருக்குமாறும் கூறுகின்றது. அதுவும் தம்மவருக்காகவே எழுதப்பட்டதாகும்.

கிளமெந்தின் திருமுகத்தில் அமைந்த வரிசைமுறை நோக்கற்பாலது. துன்புறுவோர் முன்னும் பேரரசன் பின்னுமாக நிற்கின்றனர். மன்றாட்டு பேரரசனுக்கு ஓர் இடம் அளித்தது. ஆனால் முதலிடம் அளிக்கவில்லை. உரோம நகரில் இரண்டாம் நூற்றாண்டில் எழுந்த ‘ஹெர்மாசின் மேய்ப்பர்’ என்னும் நூல், செல்வரையும் வறியவரையும் மரத்துக்கும் அதிற் படர்ந்த திராட்சைக் கொடிக்கும் ஒப்பிடுகின்றது. செல்வர் வறியவருக்கு ஈவர். வறியவர் செல்வருக்காக வேண்டுவர். கொழுகொம்பின்றிக் கொடி காய்க்காது. கொடியின்றி அம்மரத்துக்குக் கனியில்லை. கொடுப்பதற்கு யாதுமில்லாத கைம்பெண்ணும் அடிமையும் மன்றாட்டின் வாயிலாகக் கொடுப்போராயினர். வேண்டுதல் வெறும் சொல்லளவில் நின்றதுமன்று. ஏறத்தாழ கி. பி. 155இல் யுஸ்தீன் வருணிக்கும் ஞாயிறு வழிபாட்டில் எல்லோருக்குமான பொதுமன்றாட்டும், அநாதைகள், கைம்பெண்கள், நோயாளர், சிறைப்பட்டோர், வழிப்போக்கர் ஆகியோருக்கான பொருட்சேகரிப்பும் ஒரே கூட்டத்தில் நிகழ்கின்றன.

இவ்வாறு வேண்டியோரை அரசு ஏன் ஒறுத்தது? ஏறத்தாழ கி. பி. 112இல் பித்தினியா நாட்டு ஆளுநர் பிளினி, திராயான் பேரரசனுக்கு எழுதிய கடிதத்தில் தான் கையாண்ட சோதனையை விவரிக்கின்றார். குற்றஞ்சாட்டப்பட்டவர் தேவரை விளித்து, பேரரசனின் உருவத்துக்குத் தூபமும் திராட்சை இரசமும் படைத்து, கிறிஸ்துவைச் சபித்தால் விடுதலை பெறுவர். பிளினி நாடியது இரண்டாம் வேற்றுமையை. கிறிஸ்தவரிடம் இருந்ததோ நான்காம் வேற்றுமை. 180ஆம் ஆண்டு யூலை 17ஆம் நாள் கார்த்தேஜ் நகரில் நடந்த விசாரணையிலும் இதே முரண்பாட்டைக் காண்கின்றோம். தாம் பேரரசனின் காவற்றெய்வத்தின்மீது ஆணையிட்டு அவன் நலத்துக்காக வேண்டுவதாகவும், அவர்களும் அவ்வாறே செய்தல் வேண்டும் என்றும் ஆளுநர் சற்றுர்னினுஸ் கூறினார். வேண்டுதலையும் ஆணையையும் ஒன்றெனவே அவர் கருதினார். அவ்வாறு கருத மறுத்த பன்னிருவர் கொல்லப்பட்டனர்.

இதே நகரில் ஏறத்தாழ 197இல் தெர்த்துல்லியன் தமது ‘விளக்கவுரை’யை எழுதினார். பேரரசருக்கு நீண்ட ஆயுள், உறுதியான ஆட்சி, வீரமிக்க படை, நேர்மையான மக்கள், அமைதியான உலகு ஆகியவற்றைத் தாம் வேண்டுவதாகக் கூறும் அவர், பேரரசனைக் கடவுள் என அழைக்க மறுக்கின்றார். மனிதன் என்பதாலேயே அவனுக்குக் கடவுளின் துணை தேவை என்பது அவர் வாதத்தின் சாரம். ஒருவனுக்காக வேண்டுதல், அவன் குறையுள்ளவன் என்பதை அறிக்கையிடுவதாகும். அவ்வகையில் நாடோறும் செய்த அம்மன்றாட்டு, பேரரசனின் தெய்வத்தன்மையை நாடோறும் மறுத்ததுமாகும். பேரரசு ஆட்டங்காணின் தாமும் ஆட்டங்காண நேரும் என்பதையும் தெர்த்துல்லியன் மறைத்தாரல்லர். தன்னலம் அறவே இல்லை என்று அவர்கள் சாதிக்கவில்லை.

இதனை எல்லோரும் ஏற்றனர் என்றும் கூறுவதற்கில்லை. செல்சுஸ் என்னும் கிரேக்க அறிஞர், எல்லோரும் கிறிஸ்தவரைப் போல நடந்தால் பேரரசன் துணையின்றித் தனித்து நிற்பான் எனச் சாடினார். படைக்குச் செல்லாதோரின் வேண்டுதலால் நாட்டுக்கு என்ன பயன் என்பதே அவர் கேள்வி. ஏறத்தாழ 248இல் இதற்கு விடையிறுத்த ஒரிஜன், தம்மவர் மன்றாட்டினாலேயே பேரரசனுக்குத் துணைநிற்பதாகக் கூறினார். இவ்விடை செல்சுசைத் திருப்திப்படுத்தியிராது. கிறிஸ்தவரிடையேயும் வேறு குரல் இருந்தது. உரோமைப் பாபிலோன் என உருவகித்து அதன் அழிவைப் பாடிய திருவெளிப்பாட்டு நூலும், நகரின் நலத்துக்காக வேண்டிய கிளமெந்தின் திருமுகமும் ஏறத்தாழ ஒரே காலத்துப் பெறுபேறுகள். அழிவை விரும்புதற்குக் காரணங்கள் இருந்தும் நலத்தை வேண்டினர் என்பதிலேயே இவ்வழக்கத்தின் கனம் தங்கியுள்ளது.

ஒரிஜன் எழுதிச் சிறிது காலத்துள், டேசியுஸ் பேரரசன் குடிகள் யாவரும் தேவருக்குப் பலியிடல் வேண்டும் எனக் கட்டளையிட்டான். பலியிட்டமைக்குச் சான்றாக வழங்கிய பத்திரங்கள் நாற்பதுக்கு மேற்பட்டவை எகிப்திய மணலிற் கிடைத்துள்ளன. வலேரியன் ஆட்சியில், 257ஆம் ஆண்டு ஓகஸ்ட் 30ஆம் நாள், கார்த்தேஜ் ஆயர் சிப்ரியன் ஆளுநர் பத்தேர்னுஸ் முன் நிறுத்தப்பட்டார். தமக்காகவும் எல்லா மனிதருக்காகவும் பேரரசர்களின் நலத்துக்காகவும் ஒரே இறைவனை அல்லும் பகலும் வேண்டுவதாக அவர் விடையளித்தார். சில ஆண்டுகளின் முன்னர், கிறிஸ்து கற்பித்த செபம் ‘என் தந்தையே’ எனத் தொடங்காது ‘எங்கள் தந்தையே’ எனத் தொடங்குவதன் காரணத்தை விளக்கி நூலெழுதியவரும் இவரே. தனியே செபிப்பவனும் எல்லோருக்காகவும் செபிக்கின்றான் என்பது அவர் கொள்கை. அக்கொள்கையையே மன்றிலும் கூறினார். முதலில் நாடுகடத்தப்பட்ட அவர், 258ஆம் ஆண்டு செப்டெம்பர் 14ஆம் நாள் தலை வெட்டப்பட்டு இறந்தார். தம்மை வெட்டவிருந்தவனுக்கு இருபத்தைந்து பொற்காசு கொடுக்குமாறு அவர் பணித்ததாக அவரது விசாரணைக் குறிப்புகள் கூறும்.

இவ்வரலாற்றின் திருப்பம் கி. பி. 311இல் நிகழ்ந்தது. 303இல் தொடங்கிய பெருங்கலாபனையை முன்னின்று தூண்டியவன் எனக் கிறிஸ்தவ எழுத்தாளர் குற்றஞ்சாட்டும் கலேரியுஸ் பேரரசன், கொடிய நோய்வாய்ப்பட்ட நிலையில் ஓர் ஆணை பிறப்பித்தான். ஏப்பிரில் 30ஆம் நாள் அது நிக்கோமீதியா நகரில் வெளியிடப்பட்டது. கிறிஸ்தவர் மீண்டும் கூடலாம் என அறிவித்த அவ்வாணை, அதற்குக் கைம்மாறாக அவர்கள் தம் கடவுளிடம் பேரரசனின் நலத்துக்காகவும் நாட்டின் நலத்துக்காகவும் தங்கள் நலத்துக்காகவும் வேண்டுதல் வேண்டும் எனக் கேட்டது. காயுஸ் பயனற்றதென ஒதுக்கிய நான்காம் வேற்றுமையைக் கலேரியுஸ் இரந்து பெற முயன்றான். இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கேளாமலே கொடுக்கப்பட்டுவந்த ஒன்றையே அவன் கேட்டான். சில நாட்களில் அவன் இறந்துபோனான்.

இவ்விடத்தே கட்டுரையை முடிப்பின் அது வெற்றிக்கதையாகிவிடும். வரலாறு அங்கே நிற்கவில்லை. கொன்ஸ்தந்தீன் பேரரசன், கிறிஸ்தவரல்லாத தன் படையினரும் ஞாயிறுதோறும் ஓதவேண்டிய செபமொன்றைத் தானே வகுத்துக் கொடுத்தான். அதிலே தனக்காகவும் தன் மைந்தருக்காகவும் வேண்டச் செய்தான். பேரரசனுக்கான வேண்டுதல் பேரரசனின் கட்டளையாயிற்று. ஒறுக்கப்பட்டோரின் வாயில் எதிர்ப்பையும் உள்ளடக்கி நின்ற அதே வேண்டுதல், சலுகை பெற்றோரின் வாயில் வெறும் புகழ்ச்சியாக மாறும் ஆபத்து அன்றே தோன்றிவிட்டது. எனினும் பழைய மரபு முற்றாக அழிந்துவிடவில்லை. 390இல் தெசலோனிக்கா நகர மக்களைத் தெயோதோசியுஸ் பேரரசன் படுகொலை செய்வித்தபோது, அவன் முன்னிலையில் தாம் திருப்பலி ஒப்புக்கொடுக்கத் துணியேன் என மிலான் நகர ஆயர் அம்புரோஸ் எழுதினார். மன்னன் மனம் வருந்திப் பொதுவிலே தவமுயற்சி மேற்கொண்டான். மன்னனின் நலத்தை வேண்டுதல் என்பது, அவன் செய்வன யாவற்றுக்கும் உடன்படுதல் அன்று என்பதை அம்புரோஸ் மறந்தாரல்லர்.

பிறர்க்காக வேண்டுதலின் பயன் யாது என்பதை இறையியலாளர் ஆராய்வர். வரலாறு கூறக்கூடியது வேறொன்று. ஆயுதமும் பதவியும் வாக்கும் இல்லாத மக்கள், தம்மை ஒறுத்தோரைப் பகைவராகவும் கொள்ளாது, கடவுளராகவும் கொள்ளாது, குறையுள்ள மனிதராகவே கண்டனர். அப்பார்வையை நாள் தவறாது பேணிக்கொள்ள அவர்கள் கைக்கொண்ட பயிற்சியே மன்றாட்டு. ஓர் ஆட்சியின் நலத்தை உளமார விரும்பியவாறே அதன் முன் தலைவணங்க மறுத்தல் இயலும் என்பதற்கு அம்மக்களின் மூன்று நூற்றாண்டு வாழ்வே சான்று பகர்கின்றது.